புனாக்கா ஜோங்: செட்டிநாட்டு வீடு தெரிந்தவர்கள் பார்க்கும் முறை

பூட்டானுக்குப் போகிறீர்களா? கோட்டையும் மடமுமாகச் சேர்ந்து நிற்கிற ஜோங்குகளில் ஒன்றையாவது அவசரமில்லாமல் பாருங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் புனாக்கா.

பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம், ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். நம் நாட்டவர் பூட்டான் அரசுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும், தங்குவதும் வண்டியும் தனி. ஜோங்குக்குள் போகக் கை முழுக்க மூடிய உடை வேண்டும், வாசலில் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது. தலைநகர் திம்புவில் உள்ள ஜோங்கையும் பார்ப்பதானால் வார நாட்களில் அலுவலகம் முடிந்து மாலை 5 மணிக்கு மேல் போங்கள், அது இன்றும் அரசாங்கம் நடக்கிற இடம்.

சரி, புனாக்காவுக்கு வந்துவிட்டீர்கள். உடனே உள்ளே போகாதீர்கள். முதல் தடவை நான் அப்படி ஓடிப்போய்ப் பாதியைத் தவறவிட்டேன். ஆற்றுக்கு இந்தக் கரையில் அரைமணி நேரம் நில்லுங்கள். போ சூ, மோ சூ என்று இரண்டு ஆறுகள் கூடுகிற முனையில், 1637-38-இல், பூட்டானை ஒரே நாடாக்கிய துறவித் தலைவர் ஷப்துருங் நவாங் நம்க்யால் கட்டியது. திபெத்துப் படைகள் திரும்பத் திரும்ப வந்த காலம் அது, அதனால் இரண்டு பக்கமும் ஆறே அகழி. சுவர் மேலே போகப் போக உள்வாங்கிச் சாய்வதையும், கீழே ஜன்னலே இல்லாமல் உயரத்தில்தான் அவை பெரிதாவதையும் கவனியுங்கள். மேலே ஓடுகிற செம்மண் நிறப் பட்டை, உள்ளே தெய்வம் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அப்புறம் மரப்பாலத்தைக் கடந்து படி ஏறுங்கள். படி ரொம்பச் செங்குத்து, தாக்குதல் வந்தால் மேலே இழுத்துக்கொள்ளும்படி செய்தது, ஆச்சிமார் கைப்பிடியை விடவே கூடாது. உள்ளே போனதும் நம் செட்டிநாட்டு வீட்டின் உள்கட்டான வளவு மாதிரியே ஒரு முற்றம், சுற்றிலும் மரத்தூணும் தாழ்வாரமும், நடுவில் வெள்ளை ஸ்தூபியும் அரச மரமும். கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் நின்றால் கட்டு கட்டாகக் கடைசிக் கதவு வரைக்கும் கண் போகுமே, இங்கே போகாது. குறுக்கே ஊட்சே என்கிற நடுக்கோபுரம் நிற்கும். அதற்கு முன்னால் உள்ள முற்றம் அதிகாரிகளுடையது, தாண்டினால் துறவிகளுடையது. இந்த இரண்டு பாதியும் பிடிபட்டால் எந்த ஜோங்கிலும் வழி தெரிந்துவிடும்.

எதையும் பிள்ளையார்பட்டியில் சுற்றுகிற மாதிரி வலமாகச் சுற்றுங்கள். ஷப்துருங்கின் உடல் இங்கேதான் இருக்கிறது. 1651-இல் அவர் இறந்ததை அரை நூற்றாண்டுக்கு மேல் வெளியே சொல்லவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்றே சொல்லி நாட்டைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். அந்தச் சன்னதிக்குள் நம்மை விடமாட்டார்கள், வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் போவது நல்லது. திம்புவின் தலைமைத் துறவிகள் அப்போது இங்கே இறங்கி வந்துவிடுவார்கள், முற்றம் முழுக்கச் செங்காவி நடமாடும்.