முறுக்கை விட்டும் எஞ்சின் அலறுகிறதா?

மோட்டார் பூட்டிய சைக்கிளில் முறுக்கை (வேகம் கூட்டத் திருகும் கைப்பிடியை) விட்ட பிறகும் எஞ்சின் அலறினால், உடனே ஐடில் திருகாணியில், அதாவது முறுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் திருகாணியில், கை வைக்காதீர்கள். திருகோணமலையில், அதிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடும் வண்டிகளில், முதலில் சந்தேகிக்க வேண்டியது முறுக்கிலிருந்து காபரேட்டருக்குப் போகும் த்ரொட்டில் கேபிளைத்தான். கடற்காற்றின் உப்பு உறைக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, ஒருமுறை முழுதாக முறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். காபரேட்டருக்குள் ஸ்லைடு (கேபிள் இழுக்க மேலேறிக் காற்றுவழியைத் திறக்கும் உருளை) ‘டக்’ என்று விழும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கம்பியை உருவித் துடைத்து மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் புதிது வாங்கிவிடுங்கள்; இதில் சிக்கனம் பார்ப்பது வீண். ஹேண்டில்பாரை இடமோ வலமோ திருப்பும்போது மட்டும் இரைச்சல் ஏறினால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தளர்வு கொடுங்கள்.

ஓசை கேட்டும் அடங்கவில்லையா? காபரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி ஸ்லைடைப் பாருங்கள். அதன் பக்கவாட்டுப் பள்ளம் காபரேட்டரின் உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள்ளில் பொருந்தி, அடியில் சரிவாக வெட்டிய பகுதி காற்று வடிகட்டியை நோக்கி இருக்க வேண்டும். புதுக் கேபிள் போடும் அவசரத்தில் பலர் இதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அதுவும் சரியென்றால், காபரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில், கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட்டைப் பாருங்கள்; அங்கே காற்று கசிந்தாலும் இதே கூத்துதான்.