பெரிய கச்சானைப் பொறுக்கி விதைத்தால் எண்ணெய் கூடுமா?

மட்டக்களப்பின் படுவான்கரையில் கச்சான் (நிலக்கடலை) பிடுங்கிக் காயவைக்கும் நாட்களில் இதைப் பார்க்கலாம். முற்றத்துச் சாக்கில் பரப்பிய காய்களில் திரட்சியானவற்றை மட்டும் பொறுக்கி, "இது விதைக்கு" என்று தனியே கட்டி வைப்பார்கள். திரண்ட விதை நன்றாக முளைக்கும்; அதற்காகச் செய்தால் அது நல்ல பழக்கம். "பருப்புப் பருத்தால் அடுத்த போகத்தில் எண்ணெயும் கூடும்" என்று நம்பிச் செய்தால் உழைப்பு வீண்.

கச்சான் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். ஒரே இனத்தை விதைத்த காணியில் செடிக்குச் செடி மரபணு வேறுபாடு மிகக் குறைவு. ஒரு காய் திரண்டதும் பக்கத்துச் செடியின் காய் சூம்பியதும் ஈரத்தாலும் மண்ணாலும் இடைவெளியாலும் வந்தவை. அவை பிள்ளைக்குப் போகா. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகன்சன் போஞ்சி விதைகளை வைத்து 1903இல் காட்டியது இதைத்தான்: ஒரே செடியிலிருந்து தன் மகரந்தத்தாலேயே வந்த தூய வழியில் பெரிய விதையை விதைத்தாலும் சிறியதை விதைத்தாலும் பிள்ளைகளின் சராசரி நிறை ஒன்றாகவே இருந்தது.

சோளன் (மக்காச்சோளம்) அப்படியல்ல. அது அயல் மகரந்தத்தை ஏற்பது. ஒரு காணிக்குள்ளேயே மரபணு வேறுபாடு நிறைய இருக்கும். அமெரிக்காவின் இலினோயில் 1896இல் தொடங்கி, எண்ணெய் கூடிய கதிர்களையே தேர்ந்து விதைத்து வந்தார்கள். ஏறத்தாழ 5 சதவீதமாக இருந்த எண்ணெய் நூறு தலைமுறைகளில் 20 சதவீதமளவுக்கு ஏறியது. ஆனால் சோளனில் எண்ணெய் பெரும்பாலும் விதைக்குள் கருவாக இருக்கும் முளையில்தான் இருக்கிறது. ஆகவே முளை பெருத்தது, மாப்பொருள் குறைந்தது, விளைச்சலும் விழுந்தது. சதவீதத்தை மட்டும் பார்த்து விதை வாங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஏக்கருக்கு எத்தனை போத்தல் எண்ணெய் என்பதே கணக்கு.

"எண்ணெய்க்கு ஒரு மரபணு இருக்கிறதாமே, அதைக் கொண்டுவந்தால் போதாதா?" என்று படித்த பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஒரு மரபணு என்பதுதான் பிழை. கடுகின் உறவான அரபிடோப்சிஸ் என்ற சிறு செடியில் ரிங்கில்டு1 என்ற கட்டளை மரபணு பழுதானால் விதை சுருங்கி, எண்ணெய் 80 சதவீதம் குறைந்துவிடுகிறது. சர்க்கரையைக் கொழுப்பமிலமாக்கும் நொதிகளின் மரபணுக்களை இயக்குவது அதன் வேலை. அதற்கு மேலே, விதை உருவாகும் பருவத்தையே ஆளும் மரபணுக்கள் இருக்கின்றன. கீழே, கொழுப்பமிலங்களை எண்ணெயாகக் கட்டும் கடைசி நொதிக்கும் தனி மரபணு உண்டு. எல்லாம் சரியாக இருந்தாலும் சர்க்கரை இலையிலிருந்தே வர வேண்டும். ஆலையைத் திறக்கக் கட்டளை வந்தும் நெல் வந்து சேராவிட்டால் எதைக் குற்றுவது? காய் நிரம்பும் வாரங்களில் இலைப்புள்ளி நோயால் இலை உதிர்ந்த செடியைப் பார்த்து "விதை சரியில்லை" என்று சொல்வது அந்த விதைக்குச் செய்யும் அநியாயம்.

எண்ணெயின் அளவையும் தன்மையையும் ஒன்றாக நினைப்பதும் பரவலான குழப்பம். எண்ணெயிலுள்ள ஒலெயிக் என்ற கொழுப்பமிலத்தை, சீக்கிரம் காறிப்போகும் லினோலெயிக் அமிலமாக மாற்றுவது ஃபேட்2 என்ற மரபணுவின் வேலை. கச்சான் இரண்டு மூதாதைச் செடிகள் சேர்ந்து பிறந்தது என்பதால் அதில் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. இரண்டுமே செயலிழந்தால் ஒலெயிக் அமிலம் 80 சதவீதமளவுக்கு உயரும். எண்ணெய் கூடிவிடாது; காறல் வாசம் பிடிக்கத் தாமதமாகும். மாமாங்கத் திருவிழாவில் வறுத்த கச்சான் விற்பவர்களுக்கு அதுவே பெரிய நன்மை. இத்தகைய கச்சான் ஆய்வுகூடத்தில் அயல் மரபணு புகுத்திச் செய்யப்பட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. புளோரிடாவில் 1980களில், இயற்கையாகவே அப்படி மாறியிருந்த செடியைக் கண்டெடுத்தார்கள். பிறகு சாதாரண கலப்பு முறையால் மற்ற இனங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது அவசரப் பிடுங்கல். மழைக்குப் பயந்தோ விலையை நினைத்தோ முந்திப் பிடுங்கினால் எண்ணெய் சேரும் கடைசி நாட்கள் போய்விடும். எந்த நல்ல இனமும் அதை ஈடுசெய்யாது. காணியின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் பருப்பு இன்னும் முற்றவில்லை. பெரும்பாலான காய்களில் உட்புறம் கபில நிறமாகக் கறுத்த பிறகு ஆட்களைக் கூப்பிடுங்கள்.