நிஸ்ட் போஸ்ட்டாக்குக்கு விண்ணப்பிக்கிறீர்களா? ப்ரொபோசலில் அளவீட்டுப் பிழையைப் பற்றி எழுதுங்கள்

அளவியலுக்கு (அளவீட்டு அறிவியலுக்கு) அல்காரிதம் எழுத ஆசை, பிஎச்டியும் முடியப் போகிறது என்றால் அமெரிக்காவின் தேசிய அளவீட்டுத் தர ஆய்வகமான நிஸ்டில், தேசிய ஆய்வுக் கவுன்சில் (என்ஆர்சி) வழியாகத் தரப்படும் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு முயலலாம். இரண்டு வருட வேலை, மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்க்கிலோ கொலராடோவின் போல்டரிலோ இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. பிஎச்டி வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். கடைசித் தேதி வழக்கமாக பிப்ரவரி 1, ஆகஸ்ட் 1, ஆனாலும் அந்தச் சுற்றின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வேலை படிவம் நிரப்புவது இல்லை. இந்த ஃபெல்லோஷிப்புக்கான ஆய்வுத் தலைப்புகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்வைசர் பெயர் இருக்கும், அவருக்கு மெயில் போடுங்கள், அதுவும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் அல்ல, சில மாதங்கள் முன்னால். "உங்கள் ஆய்வில் ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது சந்தேகம்தான். அவருடைய ஒரு பேப்பரைப் படித்து, அதில் எந்த இடத்தில் உங்கள் முறை உதவும் என்று நாலு வரி எழுதுங்கள்.

அப்புறம் ப்ரொபோசல், அதாவது செய்யப்போகும் ஆய்வின் திட்டம். மெஷின் லேர்னிங்கிலிருந்து வருகிறவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். "எங்கள் மாடல் 98 சதவீதம் சரி" என்ற வரிக்கு இந்த ஊரில் பெரிய மதிப்பில்லை. நிஸ்ட் வேர்க்கடலை வெண்ணெயைக்கூட ஒப்பீட்டுப் பொருளாக, அதாவது மற்ற ஆய்வகங்கள் தங்கள் அளவீட்டைச் சரிபார்க்க, விற்கிறது (எஸ்ஆர்எம் 2387, நிஜமாகத்தான்), அதன் சான்றிதழில் அளவு மட்டும் இருக்காது, பக்கத்திலேயே நிச்சயமின்மையும் (அந்த அளவு எவ்வளவு தள்ளிப்போயிருக்கலாம் என்ற ± எண்) இருக்கும். உங்கள் அல்காரிதமும் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் (மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் வரைபடத்தில்) ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு பீக்கைப் (முகடுகளை) பிரிக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள்: கடைசியில் வரும் செறிவில் ± எவ்வளவு, அதில் எண்ணிக்கை இரைச்சலின் (அயனிகளை எண்ணும்போது வரும் ஏற்ற இறக்கத்தின்) பங்கு எவ்வளவு, பேஸ்லைனை (பீக்குக்குக் கீழே உள்ள பின்னணிக் கோட்டை) தப்பாகப் பிடித்தால் எவ்வளவு, அளவுத்திருத்தத்திலிருந்து எவ்வளவு, பயிற்சித் தரவில் இல்லாத ஒரு சேர்மம் வந்தால் மாடல் "தெரியாது" என்று சொல்லுமா என்பதையெல்லாம் எழுதுங்கள். இதற்குப் பொது மொழி ஜியுஎம் என்ற, அளவீட்டு நிச்சயமின்மைக்கான சர்வதேச வழிகாட்டி, மான்டே கார்லோ முறைக்கு (தற்செயல் எண்களால் பலமுறை கணக்கிட்டுப் பார்க்கும் முறை) 2008இல் வந்த அதன் முதல் துணை ஆவணம். இரண்டையும் படிக்காமல் எழுத உட்காராதீர்கள்.

அட்வைசரோடு பேசி யோசனையைச் செதுக்கலாம், எழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் தருகிறவர்களுக்கும் ப்ரொபோசலை முன்பே அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் "நல்ல மாணவர், கடின உழைப்பாளி" என்று பொதுவாக எழுதித் தந்துவிடுவார்கள்.

குடியுரிமை இல்லையா? ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பிடிபியில், பெர்லின் வளாகத்தில், கணித மாதிரியாக்கத்துக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் தனித் துறையே இருக்கிறது. அங்கே போக, ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஐரோப்பிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுவான விதிப்படி, கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போகப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது, ஏற்கெனவே ஜெர்மனியில் படிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.