ஹெட்டர் தனி, டேட்டா தனி: லினக்ஸில் பாக்கெட்டைப் பிரித்து வாங்குவது எப்படி?

நெட்வொர்க் கார்டுக்கு வரும் பாக்கெட்டில் முன்னால் ஹெட்டர் (முகவரி போன்ற விவரங்கள்), பின்னால் நமக்கு வேண்டிய டேட்டா. வழக்கமாக இரண்டும் ஒரே பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) ஒட்டிக்கொண்டு விழும். ஹெட்டர்களில் ஈதர்நெட் 14 பைட், ஐபிவி4 20, டைம்ஸ்டாம்ப் சேர்ந்த டிசிபி 32. ஆக 66 பைட் தாண்டித்தான் டேட்டா தொடங்குகிறது. இந்த 66தான் தொல்லை. பெரும்பாலான சர்வர்களில் கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) நினைவகப் பக்கம் 4096 பைட். பக்கத்தின் தொடக்கத்தில் சரியாக உட்காராத டேட்டாவைப் பக்கத்தோடு தூக்கிச் செயலியிடம் கொடுக்க முடியாது. சிபியு அதை நகலெடுத்தே தீர வேண்டும். ஹெட்டரைக் கார்டே தனி பஃபரில் போட்டுவிட்டால் அந்த நகல் வேலைக்கு அவசியமில்லை.

நம் சிங்கப்பூருக்கு இது சின்ன விஷயமில்லை. 2020இல் சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு தரவு மையங்களுக்கே போனது. 2019இல் புதிய மையங்களுக்கான அனுமதியை நிறுத்தி வைத்த அரசு, 2022இல்தான் மறுபடி விண்ணப்பம் வாங்கியது. இருக்கிற சர்வரிலேயே வீண் வேலையைக் குறைப்பது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படி 1: வசதி இருக்கிறதா?
நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ‘ஈத்டூல்’ கட்டளையோடு சிறிய ‘ஜி’ கொடியும் இன்டர்ஃபேஸ் பெயரும் கொடுங்கள். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) இப்போதைய அமைப்புகளின் கீழே ‘டிசிபி டேட்டா ஸ்பிளிட்’ என்ற வரியைத் தேடுங்கள். ஆன் அல்லது ஆஃப் என்றால் டிரைவருக்கு (கார்டை இயக்கும் நிரல்) இந்த வசதி தெரியும். ‘என்/ஏ’ என்றால் அந்தக் கார்டில் நேரம் செலவிட வேண்டாம். வரியே இல்லையென்றால் ஈத்டூல் பழையது. பழக இடம் தேடும் மாணவர்கள் கூகுள் கிளவுடின் சிங்கப்பூர் ரீஜனில் ஒரு விஎம் (மெய்நிகர் கணினி) எடுக்கலாம். அங்குள்ள மெய்நிகர் நெட்வொர்க் கார்டின் ஜிவிஇ டிரைவர் பிரிக்கத் தெரிந்தது. ஆனால் எல்லா மெஷின் வகையிலும் கிடைக்காது, முதலில் இதே வரியைப் பாருங்கள்.

படி 2: ஆன் செய்யுங்கள்
ரூட் உரிமையோடு ஈத்டூல், பெரிய ‘ஜி’, இன்டர்ஃபேஸ் பெயர், ‘டிசிபி-டேட்டா-ஸ்பிளிட் ஆன்’. ரிங் பஃபர்களை (பாக்கெட்டுகள் வந்து விழும் பஃபர் வரிசை) டிரைவர் மறுபடி அமைக்கும் என்பதால் இணைப்பு ஒரு கணம் விழலாம். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள், இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் இருந்து அடியுங்கள். கட்டளை மறுக்கப்பட்டால் முதலில் எக்ஸ்டிபி நிரல் (வந்த பாக்கெட்டை டிரைவரிலேயே கையாளும் சிறு நிரல்) ஏதும் ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை பஃபர் எக்ஸ்டிபி முழுப் பாக்கெட்டும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. பிரித்தால் அதற்கு ஒத்துவராது.

படி 3: எம்டியு
இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 ஆகவே இருந்தால் டேட்டா ஒரு பக்கத்தை நிரப்பாது. பிரித்தும் பெரிய பலன் இல்லை. 4096உடன் ஐபி 20, டிசிபி 32 சேர்த்தால் 4148. ஐபிவி6க்கு ஹெட்டர் 40 என்பதால் 4168. (ஈதர்நெட்டின் 14 எம்டியு கணக்கில் சேராது.) இந்த எண்ணை இரண்டு முனையிலும் வையுங்கள்; நடுவிலுள்ள சுவிட்சும் அதைத் தாங்க வேண்டும்.

சின்னப் பாக்கெட்டுகளைப் பிரிப்பது வீண் செலவு. கெர்னல் 6.14 முதல் ‘எச்டிஎஸ்-த்ரெஷ்’ என்ற எல்லை அளவு உண்டு. பாக்கெட் அதைத் தாண்டினால்தான் பிரிக்கும், 0 என்றால் எல்லாவற்றையும் பிரிக்கும்.

படி 4: சோதியுங்கள்
கெர்னல் மூலத்தின் நெட்வொர்க் செல்ஃப்டெஸ்ட் அடைவில் ‘டிசிபி_எம்மேப்’ என்ற நிரல் இருக்கிறது. வாங்கும் பக்கத்தில் சிறிய ‘எஸ்’, சிறிய ‘இசட்’ கொடிகளோடு ஓட்டுங்கள். எத்தனை விழுக்காடு நகலெடுக்காமல் எம்மேப் வழியாக (பக்கத்தை அப்படியே செயலியின் நினைவகத்தில் இணைப்பது) வந்தது என்று அதுவே அச்சிடும். அந்த எண் 0ஐ ஒட்டி நின்றால் படி 3க்குத் திரும்புங்கள். அனுப்பும் பக்கத்தின் எம்டியுவையும் டைம்ஸ்டாம்ப் அமைப்பையும் சரிபாருங்கள். ஜிவிஇயில் ஈத்டூலுக்குப் பெரிய ‘எஸ்’ கொடுத்தால் ‘எச்ஸ்பிளிட்’ என்று பெயரில் வரும் எண்ணிகளும் ஏறுவது தெரியும்.