பேஸ்புக் குழுவைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த மாதம் மட்டும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பண்டாரவளை, மற்றவர் ஹட்டன் பக்கம். இருவரும் பேஸ்புக்கில் பெரிய குழு நடத்துகிறார்கள், அதை உறுப்பினர் சந்தாவில் ஓடும் சொந்தத் தளத்துக்கு மாற்றப்போகிறார்களாம். திட்டத்தைக் கேட்டால், நான் விழுந்த பள்ளத்திலேயே வரிசையாக விழத் தயாராக நிற்கிறார்கள். பாஸ்வேர்டைப் பத்திரமாக வை, பேக்கப் எடு என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், நான் சொல்லவில்லை.

எங்களுடையது வீட்டுத்தோட்டக் குழு. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டவர்களும் இருந்தார்கள், நுவரெலியாவில் லீக்ஸும் கரட்டும் லொறியில் ஏற்றுகிறவர்களும் இருந்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதும் குழு திடீரென்று பெருத்தது. அப்புறம் 2022 ஏப்ரல் 3, ஊரடங்கு நேரத்தில் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பல மணி நேரம் முடக்கினார்கள். இவ்வளவு பேரைச் சேர்த்து வைத்திருக்கிறோம், ஒருவருடைய நம்பர்கூட நம் கையில் இல்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வருடமே, கேள்வி பதில் நடத்தும் தளம் அமைக்க உதவுகிற டிஸ்கோர்ஸ் என்ற இலவச மென்பொருளை ஒரு சின்ன சர்வரில் போட்டுக் கிளம்பினோம்.

ஆட்களின் விவரம் எடுக்காமல் கிளம்புவது

உறுப்பினர்களின் நம்பரையோ இமெயிலையோ பேஸ்புக் அட்மினுக்குத் தராது. வெளி மென்பொருள்கள் குழுவோடு பேச வைத்திருந்த வழியையும் 2024 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். குழுவில் சேர வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்கலாம் அல்லவா, அதில் ஒன்றை வாட்ஸ்அப் நம்பருக்கு ஒதுக்குங்கள், விரும்பினால் தரட்டும். இடம் மாறும் அறிவிப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே இதைத் தொடங்க வேண்டும்.

பழைய குழுவிலேயே பதில் சொல்லிக்கொண்டிருப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

“இனி எல்லாம் புது இடத்தில்” என்று பெரிய எழுத்தில் போட்டாயிற்று. கொஞ்சப் பேர் வந்தார்கள், சந்தாவும் கட்டினார்கள். ஒரு நாள் சாயந்திரம் ஹட்டனில் இருந்து நுவரெலியா பஸ்ஸில் வருகிறேன், தலவாக்கலை தாண்டியதும் போனில் ஒரு படம், பழைய குழுவில். கோவாச் செடி ஒன்றைப் பிடுங்கி வாசல் சிமெந்தில் வைத்து எடுத்திருக்கிறார்கள். மேலே இலை வாடித் தொங்குகிறது, கீழே வேர் முழுக்க இஞ்சிக்கிழங்கு மாதிரி வீங்கிப் போயிருக்கிறது. “அண்ணே, இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?”

எனக்குக் கை சும்மா இருக்குமா? இப்படி வீங்கின பிறகு மருந்தடித்துப் பயனில்லை, செடியைப் பிடுங்கித் தூரப் போடுங்கள், மண் புளித்துப்போயிருக்கிறது, டொலமைட்டோ சுண்ணாம்போ போடுங்கள், அந்தப் பாத்தியில் சில வருடத்துக்குக் கோவா, நோக்கோல், முள்ளங்கி எதுவும் வேண்டாம் என்று பஸ் குலுக்கலில் நீளமாக எழுதினேன். லைக் குவிந்தது. அடுத்த நாள் இன்னும் நாலு படம் வந்தது, அங்கேயேதான். ஏன் வராது? பதில் எங்கே கிடைக்கிறதோ அங்கேதானே ஆட்கள் நிற்பார்கள்.

அதே கேள்வியை வெலிமடையில் ஒருவர் மூன்று நாளைக்கு முன்னாலேயே புது இடத்தில் கேட்டு, பதில் இல்லாமல் காத்துக்கொண்டிருந்தார். சந்தா கட்டியவர். நான் பார்க்கவில்லை. “நாங்க காசு கட்டிட்டு வரிசையில நிக்கிறோம், சும்மா வந்தவங்களுக்கு பஸ்ஸில இருந்தே பதிலா?” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் பலர். டொலர் 360 ரூபாய்க்குப் போயிருந்த நேரத்தில் சர்வருக்கு ஒரு வருடக் காசை முன்கூட்டியே கட்டியிருந்தோம், அது ஆளில்லாத வீட்டில் எரிந்த லைட்டு மாதிரி ஆயிற்று. அதைவிட எரிச்சல், நான் உதவி செய்கிறேன் என்றே அவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? மாறுகிற அன்றே பழைய குழுவில் பதிவுகளுக்கு அட்மின் அனுமதி கட்டாயம் என்று மாற்றிவிடுங்கள். கேள்வி வந்தால் வெளியிடாமல், கேட்டவருக்குத் தனியாகச் சொல்லி புது இடத்தில் போடவையுங்கள், முடியாதவர் என்றால் நீங்களே அவருக்காகப் போடுங்கள். பதில் அங்கேதான். பழைய குழுவுக்கு மறுநாள் லிங்க் மட்டும். மூன்று மாதத்தில் குழுவை இடைநிறுத்துங்கள், அழிக்க வேண்டாம், பழைய பதிவுகளை ஆட்கள் பார்க்கலாம், புதிதாக எதுவும் போட முடியாது. இதையெல்லாம் பண்டாரவளைத் தம்பியிடம் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். அன்று இரவே பழைய குழுவில் அவருடைய கொமென்ட். கேட்டால், “ஒரு தடவைதானே அண்ணே.”

டேட்டா பெக்கேஜை மறப்பது

“சைட் திறக்குதில்ல” என்று புகார் வந்து, இரண்டு நாள் சர்வரைக் குடைந்தேன். சர்வரில் ஒன்றுமில்லை. அவர்கள் போட்டிருந்தது பேஸ்புக், வாட்ஸ்அப்புக்கு மட்டுமான பெக்கேஜ். நம் தளம் அதற்குள் வராது, சாதாரண டேட்டாவைத்தான் தின்னும். அதனால் படங்களைச் சின்னதாக்கினோம், அன்றன்றைய பதில்களைச் சுருக்கி வாட்ஸ்அப்பில் வெறும் எழுத்தாக அனுப்பினோம்.

இமெயிலை நம்புவது

தளத்து அறிவிப்பை இமெயிலில் அனுப்பினால் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நம் ஆட்களுக்கு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்தது போன் கடைப் பையன், பாஸ்வேர்டும் அவனுக்குத்தான் தெரியும்.

பெயருக்கும் லோகோவுக்கும் ஒரு மாதம்

வேண்டாம்.

சந்தாவை மாதாமாதம், சொந்தக் கணக்கில் வாங்குவது

கார்டில் தானாகக் கழியட்டும் என்று பார்த்தால், கார்டில் காசு வாங்கித் தரும் ஸ்ட்ரைப் கம்பெனி இலங்கையில் கணக்குத் திறக்க விடுவதில்லை. மாதம் நூறு ரூபாய்க்கு ஒவ்வொருவரையும் துரத்தினால் மானம்தான் போகும். வருடத்துக்கு ஒரு தடவை வங்கியில் போட்டுவிட்டு, சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கணக்கு இரண்டு பேர் பெயரில் இருக்கட்டும். என் சேமிப்புக் கணக்கில் வாங்கியது என் முட்டாள்தனம். சம்பளத்தில் தொழிற்சங்கச் சந்தா பிடிபட்டுப் பழகிய சனம் இது, கட்டவும் தெரியும், எங்கே போயிற்று என்று கேட்கவும் தெரியும். கோயில் திருவிழாக் கணக்கு மாதிரி வரவு செலவை எல்லோரும் பார்க்கப் போட்டுவிடுங்கள். நாங்கள் முதல் தடவை போட்ட அன்றைக்கு வந்த முதல் கேள்வி: “போட்டோ கொப்பி 40 ரூபா எதுக்கு?”