அன்றைய பொய்யைக் கண்டெடுப்பது எப்படி

இரவில் பத்து நிமிடம் போதும். பழைய ரோமின் தத்துவஞானி செனெக்கா விளக்கு அணைந்தபின் தன் நாளைப் பற்றி மனத்துக்குள் செய்த விசாரணையை நாம் நோட்டில் செய்கிறோம். போன் வேண்டாம், மெசேஜ் வந்து கவனம் போய்விடும்.

அன்று சொன்ன ஒரு பொய்யைச் சொன்னபடியே எழுதுங்கள். “பொய் சொன்னேன்” என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. “அக்கா, சாட்ஸ்வொர்த் தாண்டிட்டேன், இதோ வந்துட்டேன்.” அப்போது நீங்கள் டர்பனின் மறுகோடியில், ஃபீனிக்ஸில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வரியில், எதற்குப் பயந்து சொன்னீர்கள்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காரணம் எழுத உட்கார்ந்து நியாயம் எழுதிவிடுகிறார்கள். “அவங்க” என்று தொடங்கினால் அடித்துவிட்டு “நான்” என்று தொடங்குங்கள்.

கடைசியாக, சொல்லியிருக்க வேண்டியது: “இன்னும் கிளம்பல அக்கா, அரை மணி ஆகும்.” வாய்விட்டுப் படியுங்கள்.

நாளுக்கு ஒன்றே போதும். ஐந்தாறு எழுதினால் குற்றவுணர்வே மிஞ்சும், நோட்டு மூடிவிடும். இரண்டு வாரம் கழித்துப் புரட்டுங்கள். எந்தப் பெயர் அடிக்கடி வருகிறதோ, அவரிடம் முதலில் உண்மை பேசிப் பழகுங்கள்.