ஃபுஷிமி இனாரிக்கு 7 மணிக்குள் போய்விடுங்கள்

ஜப்பானின் கியோட்டோ நகரில் இருக்கும் ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு (ஜப்பானின் மரபு மதமான ஷின்டோவின் கோயில்) போவதானால், லோக்கல் ரயிலில் காலை 7 மணிக்குள் இறங்கிவிடுங்கள். கோயிலுக்குக் கதவடைப்பும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது, 24 மணி நேரமும் மலையேறலாம். டூர் பஸ் கூட்டம் 9 மணிக்கு மேல்தான் சேரும். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. இறங்கினால் எதிரிலேயே கோயில். அவசரத்தில் ரேபிட் ரயிலில் ஏறிவிடாதீர்கள், அது இனாரியில் நிற்காது.

மலைப்பாதையில் நிற்கும் சிவப்புத் தோரண வாசல்கள் நெருக்கமாக வரும் இடத்திலேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுபவர்கள்தான் அதிகம். இன்னும் அரைமணி, முக்கால் மணி ஏறினால் யோட்சுட்சுஜி என்ற நாற்சந்தி, அங்கிருந்து ஊரே தெரியும். இனாரி மலை 233 மீட்டர்தான், ஆனால் படிக்கட்டு விடாமல் வரும். ஏறும்போது வாசல் தூண்கள் வெறுமையாக இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் காணிக்கை தந்தவர் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில் இருக்கும். எழுத்தில்லாத படம் வேண்டுமென்றால் ஏறும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்ததன் நினைவாகத் தரும் கோயில் முத்திரையோ தாயத்தோ வாங்க வேண்டுமென்றால் இந்த நேரம் சரிப்படாது, கவுன்ட்டர் திறந்திருக்காது. வழியில் டீக்கடைகளும் மூடியிருக்கும், தண்ணீர் கையில் இருக்கட்டும். ஜனவரியின் முதல் மூன்று நாள் இந்த யோசனையே வேண்டாம். புத்தாண்டு வழிபாட்டுக்கு நள்ளிரவிலிருந்தே கூட்டம் நெருக்கித் தள்ளும்.